வாளிச் சத்தத்துக்கே பால் சொட்டும் எங்கள் மாடு

கறவைமாட்டுக்காரன்:
எங்கள் ஜெர்சி கலப்பு மாட்டுக்கு, விடிகாலையில் அம்மா வாளியில் பருத்திக்கொட்டையும் தவிடும் கலக்கும் சத்தம் கேட்டால் போதும், காம்பில் பால் சொட்டத் தொடங்கிவிடும். அதே வாளியில் மதியம் தண்ணீர் காட்டினால் ஒரு சொட்டு வராது. குடித்துவிட்டுப் படுத்துக்கொள்ளும்.

காம்பைத் தொட்டதும் மூளையிலிருந்து ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் சுரந்து பால் இறங்குவது பிறவிக் குணம். தினமும் அந்தத் தொடுகைக்கு முன்னால் தீவனம் கலக்கும் சத்தம் வருவதால், நாளடைவில் சத்தத்துக்கே பால் இறங்குகிறது. ரஷ்யாவில் விஞ்ஞானி பாவ்லோவின் நாய்களுக்கு, தீனிக்கு முன்னால் கேட்டுப் பழகிய மெட்ரோனோம் (சீராகத் தாளம் தட்டும் கருவி) சத்தத்துக்கே எச்சில் ஊறியதும் இப்படித்தான்.

ஆக்ஸிடோசின் ரத்தத்தில் சில நிமிடங்கள்தான் நிற்கும். கறக்கத் தாமதித்தால் பால் முழுதும் வராது. மாடு மிரண்டால் அட்ரினலின் என்ற பதற்ற ஹார்மோன் வந்து தடுத்துவிடும். அதனால் கறவை நேரத்தில் புது ஆள் தொழுவத்துக்குள் நுழைந்தால் அம்மா துரத்தியே விடுவார். ஊசி போட்டுப் பால் இறக்குவதைக் கேள்விப்பட்டால் மனசு பதறுகிறது. பழக்கிய சத்தம் செய்கிற வேலைக்கு ஊசி எதற்கு?

சிப்பிப்பாறைத்தோழி:
அண்ணா, எங்கள் நாய் 'உட்கார்' என்றால் உட்காரும். ஒருநாள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சொன்னேன், என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது. வாய் திறக்காமல் கையை மட்டும் உயர்த்தினேன், உடனே உட்கார்ந்துவிட்டது!

கணக்குப் போடும் குதிரை என்று 1904-இல் பெர்லினில் பேரெடுத்த ஹான்ஸும் இதே ரகம். குளம்பால் தட்டி விடை சொல்லும். உளவியலாளர் ஆஸ்கார் ஃபுங்ஸ்ட் சோதித்தபோது, கேட்பவருக்கு விடை தெரியாவிட்டால் குதிரையும் தடுமாறியது. சரியான எண் வந்ததும் கேட்பவரின் தலை தன்னையறியாமல் இம்மியளவு நிமிரும், அங்கே தட்டுவதை நிறுத்த அது கற்றிருந்தது. கணக்கு தெரியாவிட்டால் என்ன, கூடியிருந்தவர்கள் கண்ணுக்கே படாத அசைவை அது பிடித்ததே! எனக்கு அதுதான் பெரிய அறிவாகப் படுகிறது.

இப்போது சொல்லை முதலில் சொல்லி, சற்று நிறுத்தி, அப்புறம்தான் கையை உயர்த்துகிறேன். கைக்குக் காத்திராமல் சொல்லுக்கே உட்கார்ந்தால் வேகவைத்த ஈரல் துண்டு. மெல்ல மெல்லப் பிடித்துக்கொண்டு வருகிறது.

குளத்தங்கரை:
எங்கள் ஊர்க் கோயில் குளத்து மீன்கள் படியில் நிழல் விழுந்தாலே கூடிவிடும். பொரி போடாமல் திரும்புகிறவர்கள்தான் அதிகம், ஆனாலும் வருவதை விடவில்லை. எப்போதாவது மட்டும் தீனி கிடைக்கும் பழக்கம் லேசில் அழியாது என்று அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் எலிகளையும் புறாக்களையும் வைத்துக் காட்டியிருக்கிறார்.