வெள்ளிக்கிழமைக்குள் நர்சரி டெபாசிட் கட்டச் சொல்றாங்க, கட்டலாமா?

கேள்வி, ஸ்லவ்: இங்கிலாந்துக்கு வந்து மூணு வாரம் ஆகுது. அடுத்த மாசம் நானும் வேலைக்குப் போகணும். பக்கத்துல ஒரு நர்சரியில இடம் இருக்கு, ஆனா வெள்ளிக்குள்ள டெபாசிட் கட்டணுமாம். நர்சரிகளைச் சோதிக்கற அரசு அமைப்பான ஆஃப்ஸ்டெட்ல ‘குட்’னு போட்டிருக்கு. பாப்பாவுக்கு இங்கிலீஷ் ஒரு வார்த்தை வராது. ராத்திரி தூக்கமே இல்லை, யாராவது சொல்லுங்க.

பதில், ஈஸ்ட் ஹாம்: இங்கிலீஷ் தானா வந்துரும்மா. வீட்டுல தமிழ்லயே பேசுங்க. நர்சரியில ஒவ்வொரு குழந்தைக்கும் ‘கீ பெர்சன்’னு, தனியா கவனிச்சுக்க ஒருத்தரைக் கட்டாயம் ஒதுக்கணும். தண்ணி, ஒண்ணுக்கு, வலிக்குது, பசிக்குது, தூக்கம்னு பத்து வார்த்தையை இங்கிலீஷ் எழுத்துல அர்த்தத்தோட எழுதி அவங்க கையில குடுங்க. சைவம்னா வெறும் ‘வெஜிடேரியன்’ போதாது. முட்டை, ஜெலட்டின் ரெண்டையும் தனியா எழுதுங்க. ஜெலட்டின் மிருகத்துல இருந்து எடுக்கறது, ஜெல்லி மிட்டாய்லகூட இருக்கும்.

ஹாரோ: காசைக் கட்டாதேங்கோ பிள்ளை. பள்ளிக்கூடத்தோட சேர்ந்த நர்சரியைப் பாருங்கோ. மூண்டு வயசு முடிஞ்சா அடுத்த பள்ளித் தவணையிலயிருந்து எல்லாப் பிள்ளையளுக்கும் கிழமைக்கு 15 மணித்தியாலம் இலவசம், வருசத்தில 38 கிழமை.

ரெடிங்: வேலைக்குப் போறவங்களுக்கு அது ஒத்துவராது. பல பள்ளி நர்சரியில காலையில மூணு மணி நேரம்தான், அப்புறம் யார் போய்க் கூட்டிட்டு வர்றது? தனியார்தான் சரி. 2025 செப்டம்பர்ல இருந்து வேலைக்குப் போற பெற்றோரோட 9 மாசக் குழந்தைக்கே வாரத்துக்கு 30 மணி நேரம் இலவசமாக் குடுக்கறாங்க, அரசு இணையதளத்துல அதுக்கான கோட் வாங்கி நர்சரியில குடுங்க.

லூட்டன்: அந்த 30 மணி நேரத்தை எல்லாருக்கும் சொல்லாதீங்க. விசாவுல ‘நோ ரிகோர்ஸ் டு பப்ளிக் ஃபண்ட்ஸ்’னு, அதாவது அரசு உதவிப் பணம் வாங்க முடியாதுன்னு இருந்தா, அதுவும் கணவன் மனைவி ரெண்டு பேருக்குமே இருந்தா, அது கிடைக்காது. நர்சரிக் கட்டணத்துல ஒரு பங்கை அரசு போடற டாக்ஸ் ஃப்ரீ சைல்டுகேரும் கிடைக்காது. மூணு வயசுக்கு மேல எல்லாருக்கும் வர்ற 15 மணி நேரத்துக்கு விசா தடையில்லை. அந்த 30 மணி நேரத்தை நம்பி வேலை நேரத்தை முடிவு பண்ணினவங்க நிறையப் பேர்.

ரெடிங்: விசாவுக்குக் கட்டற மருத்துவக் கட்டணம், ஹெல்த் சர்சார்ஜ், பெரியவங்களுக்கு வருஷத்துக்கு 1,035 பவுண்டு, குழந்தைக்கு 776. வரியும் கட்டறோம். அப்புறமும் இப்படின்னா வயிறு எரியுது.

ஈஸ்ட் ஹாம்: முதல் குளிர்காலம் முழுக்க சளி, இருமல் வேற. வாந்தி பேதி வந்தா நின்னு 48 மணி நேரம் கழிச்சுத்தான் சேர்ப்பாங்க. பெரும்பாலும் குழந்தை வராத நாளுக்கும் பணம் கட்டணும்.

லூட்டன்: கேள்விக்கு வருவோம். பாப்பாவுக்கு என்ன வயசு? என்ன விசா?

கேள்வி, ஸ்லவ்: மன்னிக்கணும், பதட்டத்துல சொல்ல மறந்துட்டேன். 2 வயசு 10 மாசம், மார்ச் 20 வந்தா மூணு. கணவருக்கு ஸ்கில்டு வொர்க்கர் விசா, எனக்கு அவரைச் சார்ந்த டிபென்டன்ட் விசா.

லூட்டன்: அப்ப அந்த 30 கிடைக்காது, ஏப்ரல் 1-லிருந்து 15 மணி நேரம் வரும். ஏப்ரல்ல பிறந்திருந்தா செப்டம்பர் வரை காத்திருக்கணும். மார்ச் முடியற வரைக்கும் உங்களுக்கு முழுக் கட்டணம், அதைக் கணக்குல வச்சுக்கோங்க. 15 மணி நேரம் 38 வாரம்னா 570 மணி நேரம், அதை வருஷம் முழுக்கப் பிரிச்சா வாரத்துக்குச் சுமார் 11தான், நர்சரி எந்த முறைன்னு கேளுங்க. உணவு, டயப்பர்னு கூடுதல் கேட்டா, இலவச நேரத்துக்கு அது கட்டாயமில்லைன்னு தெரிஞ்சு பேசுங்க.

‘குட்’ எந்தத் தேதியில வந்ததுன்னு பாருங்க. 2025 நவம்பர்ல இருந்து ஒட்டுமொத்தமா ஒற்றைச் சொல் மதிப்பீடு இல்லை, ஒவ்வொரு பிரிவுக்கும் தனி மதிப்பீடு தர்ற ரிப்போர்ட் கார்டுதான். அதனால அது பழைய சோதனை. மேலாளர் மாறிட்டாங்களான்னு கேளுங்க.

கட்டறதுக்கு முன்னாடி மதிய உணவு நேரத்துல நேர்ல போங்க. ரெண்டு வயசுக்காரங்க அறையில ஐந்து குழந்தைக்கு ஒரு ஆள் இருக்கணும். மூணு முடிஞ்சா எட்டுக்கு ஒண்ணு, தகுதி பெற்ற ஆசிரியர் இருந்தா 13 வரை போகலாம். திராட்சையை நீளவாக்குல நாலாக நறுக்கித் தர்றாங்களான்னு பாருங்க. முழுசாப் போட்டா தொண்டையில அடைக்கும், அப்படிப் போடற இடத்துல சேர்க்காதீங்க.

டெபாசிட் திரும்ப வருமா, விலகறதுக்கு எத்தனை வாரம் முன்னாடி சொல்லணும், பேங்க் ஹாலிடேக்குப் பணம் கட்டணுமா, கூட்டிட்டு வரத் தாமதமாப் போனா நிமிஷத்துக்கு எவ்வளவு, குழந்தை பழகிக்கறதுக்கான செட்டில் ஆகற நாட்கள் இலவசமா. இதுக்கெல்லாம் பதிலை மின்னஞ்சல்ல வாங்கிட்டுப் பணம் போடுங்க. வேலை சேர்ற தேதிக்கு ரெண்டு வாரம் முன்னாடி செட்டில் ஆகற நாளைத் தொடங்குங்க. முதல் நாள் ஒரு மணி நேரம், நீங்க கூடவே இருந்து. மழைக்கோட்டு, வெல்லிங்டன் பூட்ஸ், ரெண்டு செட் மாற்றுத்துணி, எல்லாத்துலயும் பேர்.