ஒரே கேபினில் ஒருவரால் குடிக்க முடியாதென்றால், இருவருக்கும் மதுபானப் பேக்கேஜ் வாங்கத்தான் வேண்டுமா?

பீடோங் மல்லிகை:
அனைவருக்கும் வணக்கம். என் கணவர் பணி ஓய்வு பெறுவதையொட்டி, சிங்கப்பூரிலிருந்து புறப்படும் ஒரு சொகுசுக் கப்பலில் நாங்கள் இருவரும், என் நாத்தனாரும், அவருடைய கணவரும் செல்வதாக இருக்கிறோம். என் கணவர் மாலையில் பீர் அருந்துவார். விடுமுறை என்றால் ஒன்றிரண்டு கூடும், அதை நான் தடுப்பதில்லை. எனக்கு இதய வால்வு மாற்றி, இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை கொடுத்திருப்பதால் மதுவைத் தொடவே கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். கணவருக்கு மட்டும், நாளுக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே பணம் கட்டும் அளவில்லா மதுபானப் பேக்கேஜ் கேட்டபோது, ஒரே கேபினில் தங்கும் பெரியவர்களில் ஒருவர் வாங்கினால் மற்றவரும் வாங்கியே ஆக வேண்டும் என்று எங்கள் முகவர் சொல்லிவிட்டார். குடிக்கவே முடியாத ஒருத்தியின் பெயரில் மதுவுக்குப் பணம் கட்டச் சொல்வது எந்த வகையில் முறை?

கடலோடி:
மல்லிகை அக்கா, முகவர் சொன்னது புதிய விதியல்ல. ராயல் கரீபியன், கார்னிவல் போன்ற பெரிய நிறுவனங்கள் பல ஆண்டுகளாக இதைத்தான் கடைப்பிடிக்கின்றன. அளவில்லாப் பேக்கேஜின் விலை, நிறையக் குடிப்பவரையும் குறைவாகக் குடிப்பவரையும் சேர்த்துக் கணக்கிட்டுப் போடப்படுவது. கேபினுக்கு ஒருவர் மட்டும் வாங்கலாம் என்று விட்டால், குறைவாகக் குடிப்பவர்கள் எல்லாரும் விலகிவிடுவார்கள். மிச்சம் இருக்கும் ஒருவர், கப்பலில் சாவியாகவும் பணமாகவும் பயன்படும் தன் அட்டையைக் காட்டி இருவருக்கும் வாங்குவார். நம்மூர் வாழையிலைக் கடையில் சோறும் கறிகாயும் கேட்கக் கேட்கப் போடுகிறார்கள். அதற்காக ஓர் இலையை விரித்து இரண்டு பேர் சாப்பிட உட்கார்ந்தால் எந்த முதலாளியும் ஒப்புக்கொள்ள மாட்டார். இன்னொன்று, பேக்கேஜ் வாங்கித்தான் கப்பலில் ஏற வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை. கணவர் குடிக்கும் கிளாசுக்கு அவ்வப்போது பணம் கொடுத்துவிட்டுப் போகலாம்.

தோட்டத்துப் பிள்ளை:
கடலோடி அண்ணா, அந்த வாழையிலைக் கடைக்கு விரதம் இருக்கும் மனைவியோடு போனால், அவர் வெறும் தேநீர் குடித்துவிட்டு எழுந்து வரலாம். பக்கத்தில் உட்கார்ந்த குற்றத்துக்காக அவருக்கும் ஓர் இலைக்கான காசைக் கேட்கும் கடையை நான் எங்கும் பார்த்ததில்லை. பகிர்ந்து குடிப்பதைத் தடுக்கவே இந்த விதி என்கிறீர்கள். அதைத் தடுக்கும் வழிகள் கப்பலில் ஏற்கெனவே இருக்கின்றன. அட்டையைத் தேய்த்தவுடன் பயணியின் படம் பணியாளரின் திரையில் வந்துவிடுகிறது. பகிர்ந்துகொள்வது பிடிபட்டால் பேக்கேஜைப் பறித்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறார்கள். கார்னிவல் ஒரு படி மேலே போய், 24 மணி நேரத்தில் 15 மதுபானங்களுக்கு மேல் கிடையாது என்று எல்லையும் போட்டிருக்கிறது. எல்லை போட்ட பிறகும் கேபின் விதியை விடவில்லை என்றால், அதன் நோக்கம் காவல் அல்ல, வசூல்தான் என்று நான் நினைப்பதில் தவறென்ன?

கடலோடி:
தம்பி, படம் திரையில் வருவது அட்டைக்கு உரியவர்தான் கேட்கிறாரா என்று பார்க்க மட்டுமே. வாங்கிய கிளாசைப் பால்கனிக்கு எடுத்துப் போய் யாரிடம் நீட்டுகிறார் என்பதை எந்தத் திரையும் காட்டாது. கேபினின் கதவுக்குப் பின்னால் காவல் போட முடியாததால்தான் விதி கேபின்மேல் விழுகிறது. வசூலும் ஒரு நோக்கம் என்பதை நான் மறுக்கவில்லை; அது வணிகக் கப்பல், அறக்கட்டளை அல்ல.

மருந்துக் கவுண்டர்:
நான் மருந்தகத்தில் வேலை செய்பவள். இருவரும் விதியைப் பற்றியே பேசுகிறீர்கள். அதில் உள்ள விலக்கை யாரும் சொல்லவில்லை. மல்லிகை அக்கா, நீங்களோ முகவரோ நிறுவனத்தை நேரடியாக அழைத்து, மருத்துவக் காரணத்தால் மது அருந்த முடியாது என்று எடுத்துச் சொன்னால், ராயல் கரீபியன் போன்ற நிறுவனங்கள் பல பயணிகளுக்கு விட்டுக்கொடுத்திருக்கின்றன. கர்ப்பிணிகளுக்கும் அப்படியே. ஆனால் அப்போதும் உங்களை வெறுமனே விட்டுவிட மாட்டார்கள். மதுவுக்குப் பதிலாக, மது இல்லாத பானங்களுக்கான சிறிய பேக்கேஜை உங்கள் பெயரில் எடுக்கச் சொல்வது வழக்கம். மதுவற்ற காக்டெயில், பழச்சாறு, சோடா, நல்ல காப்பி, புட்டித் தண்ணீர் எல்லாம் அதில் அடங்கும்.

இங்கேதான் எனக்கு மனத்தாங்கல். வார்ஃபரின் சாப்பிடுபவர்களிடம், ஒரேயடியாக அதிகம் குடித்தால் இரத்தக்கசிவு அபாயம் கூடும், நாள்தோறும் மிகுதியாகக் குடித்தால் மருந்தின் வேலை குறையவும் கூடும் என்று சொல்லி மதுவை விலக்கச் சொல்கிறோம். அதோடு கிரான்பெர்ரிச் சாற்றிலும் கவனமாக இருக்கச் சொல்லுவது உண்டு. மதுவற்ற காக்டெயில்களில் அந்தச் சாறு அடிக்கடி சேர்கிறது. ஆகவே அக்கா கலவைப் பானம் எதைக் கேட்டாலும் உள்ளே என்ன இருக்கிறது என்று விசாரித்துவிட்டே குடிக்க வேண்டும். நீரிழிவு உள்ளவருக்கோ அந்தச் சிறிய பேக்கேஜில் பாதிக்கு மேல் சர்க்கரைத் தண்ணீர்தான். மலேசியாவின் மூன்று பெரிய இனங்களில் நீரிழிவு விகிதம் இந்தியர்களான நம்மவரிடம்தான் மிக அதிகம் என்பது தேசிய சுகாதார ஆய்வுகளில் தொடர்ந்து வருவது. மது வேண்டாம் என்று ஓர் இந்தியப் பயணி சொன்னால் அவர் கையில் சீனிப்பாகைக் கொடுத்து, இதற்குப் பணம் கட்டு என்பது சலுகை ஆகாது. சாதாரணத் தண்ணீரும் தேநீரும் கறுப்புக் காப்பியும் பேக்கேஜ் இல்லாமலே சாப்பாட்டுக் கூடத்தில் கிடைக்கின்றன. அவருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

தோட்டத்துப் பிள்ளை:
விலக்கு உண்டென்றால், அதை விலைக்குப் பக்கத்திலேயே ஏன் போடவில்லை? விசாரித்தவனுக்கு ஒரு விதி, விசாரிக்காதவனுக்கு ஒரு விதி. ஆங்கிலத்தில் தொலைபேசியில் வாதாடத் தெரிந்தவர் பாதி விலையோடு தப்பித்துவிடுவார். சேமநிதிப் பணத்தை எடுத்து வாழ்நாளில் முதல்முறையாகக் கப்பல் ஏறும் தோட்டத்து ஆள், முகவர் சொன்னதே வேதவாக்கு என்று இரண்டு பேருக்கும் கட்டிவிட்டு வருவார். மல்லிகை அக்கா இங்கே வந்து எழுதியதால்தான் அவருக்கே தெரிந்தது.

கடலோடி:
அச்சில் போட்டால் என்ன ஆகும் என்று நம்மைவிட யாருக்குத் தெரியும்? நம் நாட்டில் எம்சி (மருத்துவ விடுப்புச் சான்றிதழ்) வாங்குவது எவ்வளவு சுலபம் என்பதைத் தீபாவளிக்கு மறுநாள் எந்தத் தொழிற்சாலை மேலாளரிடமும் கேட்டுப் பாருங்கள். மருத்துவக் கடிதம் கொடுத்தால் விலக்கு என்று எழுதிப் போட்ட மறுவாரமே, கப்பலில் ஏறும் மனைவிமார் அத்தனை பேருக்கும் ஈரல் கோளாறு வந்துவிடும். அதனால்தான் ஒவ்வொருவராகக் கேட்டு முடிவு செய்கிறார்கள். அது அழகான முறை என்று நான் சொல்ல வரவில்லை. நடைமுறையில் ஓடுவது அதுதான்.

மூன்றாம் டிவிஷன்:
நான் குடியை விட்டவன். இங்கே எல்லாரும் காசுக் கணக்கே பேசுவதால், விட்டவனுக்கு இந்த விதி என்ன செய்கிறது என்பதைச் சொல்ல விரும்புகிறேன். என் அட்டையில் அளவில்லாத மது முன்பணம் கட்டி ஏற்றப்பட்டிருக்கிறது, எந்தக் கவுண்டரில் நீட்டினாலும் கேள்வியின்றி ஊற்றுவார்கள் என்றால், நான் அந்தக் கப்பலில் நிம்மதியாகத் தூங்க முடியாது. கட்டிய காசு வீணாகிறதே என்ற நினைப்பே ஒரு தூண்டுதல். வார்ஃபரினுக்குக் கடிதம் கிடைக்கும். பழைய பழக்கத்துக்கு எந்த மருத்துவரிடம் போய்க் கடிதம் கேட்பது, கேட்டாலும் அதை முன்பின் தெரியாத ஒரு முகவரின் வாட்ஸ்அப்பில் ஏன் நான் அனுப்ப வேண்டும்? 1947-இல் கெடா மாநிலத்தின் இதே பீடோங் வட்டாரத்தில், தோட்டத் தொழிலாளர்களைத் திரட்டிய ஏ.எம். சாமியின் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளுக்கு முன்னால் மறியல் செய்து அடிபட்டார்கள். என் தாத்தா காலத்துக் கள்ளுக்கடையில்கூடக் குடிப்பவனிடம்தான் காசு வாங்கினார்கள்.

கடலோடி:
ஐயா, நீங்கள் சொல்வதில் உள்ள வலியை மதிக்கிறேன். தொண்டர் படையையும் கப்பல் பேக்கேஜையும் ஒரே தராசில் வைப்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. குடியை விட்டவரும் விலக்குக் கேட்கலாம். காரணத்தை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை, மது அருந்துவதில்லை என்ற அளவில் நிறுத்திக்கொள்ளலாம். மறுத்துவிட்டால் அந்தக் கேபினில் பேக்கேஜே வேண்டாம்.

லூனாஸ் டீச்சர்:
ஒரு சிறு சேர்க்கை. பிள்ளைகளோடு செல்பவர்கள் வயதையும் பார்த்துக்கொள்ளுங்கள். மலேசியாவில் மது வாங்கும் வயது 2017 டிசம்பரிலிருந்து 21. ஆனால் ஆசியத் துறைமுகங்களிலிருந்து புறப்படும் ராயல் கரீபியன் பயணங்களில் 18 வயது நிரம்பினாலே மது அருந்தலாம். ஆகவே கல்லூரியில் படிக்கும் 19 வயதுப் பையனை உங்கள் கேபினிலேயே படுக்க வைத்தால், அவனும் பெரியவர் கணக்கில் சேர்ந்துவிடுவான். தன் ஊரில் ஒரு பீர் வாங்க முடியாத பையனுக்கு அப்பா அளவில்லாப் பேக்கேஜ் வாங்கிக் கொடுக்க வேண்டும் என்ற நிலைமைக்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

கப்பல் மச்சான்:
நான்கு பேர் என்று மல்லிகை அக்காவே எழுதியிருக்கிறார், அப்படியென்றால் இரண்டு கேபின். பதிவு செய்யும்போது ஆண்கள் இருவரும் ஒரு கேபின், பெண்கள் இருவரும் ஒரு கேபின் என்று போட்டுவிடுங்கள். ஆண்கள் கேபினுக்குப் பேக்கேஜ், பெண்கள் கேபினுக்கு ஒன்றும் வேண்டாம். கப்பலில் ஏறிய பிறகு யார் எங்கே தூங்குகிறார்கள் என்று யார் வந்து பார்க்கப் போகிறார்கள்?

தோட்டத்துப் பிள்ளை:
பார்த்தீர்களா, கடலோடி அண்ணா? பெயரை மாற்றி எழுதினால் விதி ஒன்றுமில்லாமல் போகிறது. பகிர்ந்து குடிக்க நினைப்பவன் இந்தச் சந்தில் புகுந்து வெளியே வந்துவிடுவான். அகப்படுவது மல்லிகை அக்காவைப் போல உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுப்பவர்தான்.

கடலோடி:
அந்தச் சந்து எனக்கும் தெரியும், ஆனால் அக்காவுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இதய நோயாளி ஒருவர், அவசரம் என்றால் கப்பல் மருத்துவர் ஓடி வரும், தன் பெயரில் பதிவான கேபினில் இல்லாமல் வேறொரு கேபினில் படுத்திருப்பது நல்லதல்ல. சாவியும் அவரவர் பெயரில் இருப்பதால், மாற்றிக்கொண்ட அட்டைகள் வேறு குழப்பத்தை உண்டாக்கும். மெய்யாகவே நாத்தனாரோடு தங்குவதென்றால் அது வேறு.

இனிக் கணக்கைப் பாருங்கள். இதைப் போட்டுப் பார்த்தால் பாதி வாக்குவாதம் தேவைப்படாது. விலை கப்பலுக்குக் கப்பல், தேதிக்குத் தேதி மாறும். ஓர் எடுத்துக்காட்டுக்காக நாள் ஒன்றுக்கு 70 அமெரிக்க டாலர் என்று வைத்துக்கொள்வோம். 18 விழுக்காடு சேவைக் கட்டணம் சேர்ந்தால் 82.60. ஒரு பீர் 8 டாலர் என்றால் சேவைக் கட்டணத்தோடு 9.44. கணவர் தன் பேக்கேஜை மட்டும் ஈடுகட்டவே நாளுக்கு ஒன்பது பீர் குடிக்க வேண்டும்; இருவரின் பணத்தையும் ஈடுகட்டப் பதினெட்டு. விலக்குக் கிடைத்து அக்கா 35 டாலர் சிறிய பேக்கேஜ் எடுத்தாலும் பதினான்கு. முழுப் பயணத்துக்கும் சேர்த்துத்தான் விற்பார்கள். பினாங்கில் இறங்கிக் கரையில் சுற்றும் பகலுக்கும் பணம் ஓடிக்கொண்டிருக்கும், கரையில் குடிப்பதற்கு அது செல்லாது. மாலையில் ஓரிரு பீர் குடிப்பவருக்குப் பேக்கேஜ் எந்த வகையிலும் கட்டுபடியாகாது.

தோட்டத்துப் பிள்ளை:
உங்கள் கணக்கு சரி, ஆனால் அது பீரை மட்டும் எண்ணுகிறது. அதே பேக்கேஜில் காலைக் காப்பி, புட்டித் தண்ணீர், பழச்சாறு எல்லாம் அடக்கம். அவற்றையும் சேர்த்தால் நாளெல்லாம் கப்பலில் இருப்பவருக்கு ஒன்பது என்பது ஆறோ ஐந்தோ ஆகிவிடும். அந்த மாதிரி ஆளுக்கு ஒற்றைப் பேக்கேஜ் நியாயமான வியாபாரம். மனைவியின் பேக்கேஜை அதன் முதுகில் ஏற்றும்போதுதான் அது அநியாயமாகிறது. மல்லிகை அக்காவின் கணவருக்குக் கட்டுபடியாகாது என்பதால் விதி நியாயமாகிவிடாது. பேக்கேஜே விற்காமல் கிளாசுக்குக் கிளாஸ் கணக்கு வைத்துத் தொடங்கிய வர்ஜின் வாயேஜஸ் போன்ற நிறுவனமும் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது?

கடலோடி:
ஓடுகிறது, ஆனால் அது நம் பக்கத்துத் துறைமுகங்களிலிருந்து புறப்படுவதில்லை, தம்பி. இருக்கிற கப்பல்களை வைத்துத்தான் அக்காவுக்குப் பதில் சொல்ல முடியும். விதியில் நாம் இருவரும் ஒத்துப்போகப் போவதில்லை.

பீடோங் மல்லிகை:
கணக்கைக் கணவரிடம் படித்துக் காட்டினேன். கிளாசுக்குக் கிளாஸ் வாங்கிக்கொள்கிறேன் என்கிறார். நாத்தனாரின் கணவருக்கோ பேக்கேஜ் வேண்டுமாம், நாத்தனார் குடிப்பதில்லை. அவர்கள் விலக்குக் கேட்பதென்றால் எப்போது, யாரிடம் கேட்பது?

மருந்துக் கவுண்டர்:
புறப்படுவதற்கு முன்பே கேட்கட்டும், அக்கா. கப்பலில் ஏறிய பிறகு பேக்கேஜ் விலையே பெரும்பாலும் கூடுதலாக இருக்கும். முகவர் வழியாகப் பதிவு செய்திருந்தால், நிறுவனம் அவரையே அழைக்கச் சொல்லக்கூடும். ஒப்புக்கொண்டதை நாத்தனாரின் பதிவில் குறிக்கச் சொல்லி, மின்னஞ்சலிலும் வாங்கிக்கொள்ளட்டும். தொலைபேசியில் சொன்ன வார்த்தையைக் கப்பலில் இருக்கும் பணியாளர் அறிய மாட்டார். நீங்கள் ஏறும்போது வார்ஃபரினைக் கைப்பையிலேயே வைத்திருங்கள். பெரிய பெட்டிகள் கேபினுக்கு வந்து சேர மாலையாகிவிடும்.

கடலோடி:
அதோடு நாத்தனாரின் கணவரிடம், அவர் ஒரு நாளைக்கு எத்தனை கிளாஸ் என்று நாத்தனார் முன்னிலையில் வாய்விட்டுச் சொல்ல முடியுமா என்று கேளுங்கள். சொல்ல முடிந்தால் பேக்கேஜ் வாங்கட்டும்.