புதுப்பிப்பு: டைகர் மாத் இறக்கையைப் பிரித்துப் பார்த்தாயிற்று

எங்கள் டைகர் மாத்தின் (மர இறக்கைகளில் துணி போர்த்திய, மேலும் கீழுமாக இரட்டை இறக்கை கொண்ட பழைய பயிற்சி விமானம்) இடது கீழ் இறக்கையைத் தட்டினால் ஓரிடத்தில் மட்டும் மந்தமான சத்தம் வருகிறது என்று போன முறை எழுதியிருந்தேன். துணியைப் பிரிக்காமல் முடிவெடுக்காதே என்றீர்கள். பிரித்தோம். நீங்கள் சொன்னதே சரி.

பின் ஸ்பாரோடு (இறக்கையின் நீளவாக்கில் ஓடும் முதன்மைச் சட்டம்) மூன்று ரிப்கள் (இறக்கைக்கு வடிவம் தரும் குறுக்குச் சட்டங்கள்) சேரும் இடத்தில் பசை விட்டிருக்கிறது. பழைய கேசீன் பசை, பாலிலிருந்து எடுப்பது. ஈரம் பட்டால் பூஞ்சை பிடித்து வலுவிழந்துவிடும். வடிகால் துளை ஒன்று, துணியை இறுக்கப் பூசும் டோப் பூச்சில் அடைபட்டு, தண்ணீர் அங்கேயே தேங்கியிருக்கிறது. நல்லவேளை, ஸ்பாரின் ஸ்புரூஸ் மரம் கெடவில்லை. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

மறு ஒட்டுக்கு, ஈரம் தாங்கும் ரெசார்சினால் பசை. ஒவ்வொரு கலவையிலும் மாதிரித் துண்டுகளை ஒட்டி, காய்ந்தபின் உடைத்துப் பார்க்கிறோம்: மரம் கிழிய வேண்டும், பசைக்கோடு பிரியக் கூடாது. முதல் மாதிரி பசைக்கோட்டிலேயே பிரிந்தது. இந்தப் பசைக்குக் குறைந்தது 21 டிகிரி செல்சியஸ் வேண்டும். பட்டறை அன்று குளிர்ந்து கிடந்தது. சூடேற்றிச் செய்த இரண்டாவது மாதிரியில் மரம்தான் கிழிந்தது.

உடற்பகுதியின் பக்கவாட்டு டை ராடுகளுக்கு (இருபுறத்தையும் இழுத்துப் பிடிக்கும் உலோகக் கம்பிகள்) ஆயுள் வரம்பு உண்டு. பதிவேட்டில் பொருத்திய தேதி தெளிவாக இல்லை, அதனால் எல்லாவற்றையும் மாற்றுகிறோம். ஆய்வாளர் உள்ளே பார்த்துக் கையெழுத்திடும்வரை இறக்கைக்குத் துணி போர்த்தப் போவதில்லை.