அறிமுகமில்லாத பெயரில் மாதந்தோறும் பிடிக்கப்படும் பணம்: சில அனுபவங்கள்

என் தந்தையாரின் வங்கிக் கணக்கில் மாதந்தோறும் ஒரே தேதியில், ஒரே தொகை, எங்கள் வீட்டில் எவரும் கேள்விப்படாத ஒரு நிறுவனத்தின் பெயரில் பற்று வைக்கப்பட்டு வந்தது. யாரோ அட்டை எண்ணைத் திருடிவிட்டார்கள் என்று அவர் முடிவுகட்டிவிட்டார். நாள் தவறாமல் வரும் பற்றுக்குப் பின்னால் ஏதேனும் ஒப்பந்தம் இருக்கக்கூடும் என்று எனக்குத் தோன்றியதால், அட்டையை முடக்குவதற்கு முன், காருக்காக ஏதேனும் எழுதிக்கொடுத்திருக்கிறோமா என்று அதன் கோப்பை எடுத்துப் பார்த்தோம்.

உற்பத்தியாளரின் வாரண்டி முடிந்தபின், காரின் பழுதுச் செலவுக்காக வாங்கிய சேவை ஒப்பந்தம் அதில் இருந்தது. முகப்பில் விற்றவரின் பெயர். பழுதுச் செலவை ஏற்பவராக வேறொரு பெயர். கடைசித் தாளில், தவணைத் திட்டம் என்ற தலைப்பின்கீழ்ப் பொடி எழுத்தில் மூன்றாவதாக ஒரு பெயர். வங்கிக் கணக்கு அறிக்கையில் இருந்தது இந்த மூன்றாவது பெயரின் சுருக்கம். இத்தகைய ஏற்பாட்டில் தவணை நிறுவனம் ஒப்பந்தத்துக்கான பணத்தை முன்கூட்டியே கொடுத்துவிட்டு, அதை வாடிக்கையாளரிடமிருந்து மாதாமாதம் வசூலித்துக்கொள்கிறது. விற்பனையின்போது இந்தப் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. போதாக்குறைக்கு, அட்டைப் பரிவர்த்தனைகளுக்கான ஐஎஸ்ஓ 8583 தரத்தில் வணிகரின் பெயர், ஊர், நாடு மூன்றுக்கும் சேர்த்தே 40 எழுத்துகளுக்குத்தான் இடம் உண்டு என்பதால், நீளமான பெயர்கள் பாதியில் வெட்டுப்படுகின்றன.

முன்பணத்தோடு எல்லாத் தவணைகளையும் கூட்டினோம். ஒப்பந்த விலையோடு அப்படியே பொருந்தியது. அதன்பிறகே, ஒப்பந்தத்தில் அச்சிட்டிருந்த எண்ணுக்குத் தொலைபேசியில் பேசி, அட்டை எண்ணைச் சொல்லாமல் ஒப்பந்த எண்ணை மட்டும் கொடுத்து உறுதி செய்துகொண்டோம்.

— — —

மேலே எழுதிய நண்பர் அட்டையை முடக்காமல் விட்டது நல்லதாயிற்று. என் உறவினர் ஒருவர் புதிய அட்டை வாங்கிய பிறகும் பற்று தொடர்ந்தது. பதிவுசெய்த வணிகர்களுக்குப் புதிய அட்டை எண்ணைத் தானாகவே தெரிவிக்கும் வசதி அட்டை நிறுவனங்களிடம் உண்டு என்பது அப்போதுதான் அவருக்குத் தெரியவந்தது. பற்று நின்றுபோனாலும் ஒப்பந்தம் முறைப்படி ரத்தாகிவிடாது. தவணை தவறியது என்ற பெயரில் பழுதுச் செலவுக்கான பாதுகாப்பு மட்டும் போய்விடும். ரத்து வேண்டுமென்றால் எழுத்து மூலம் கேட்டு, அதற்கான ஒப்புகையையும் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். பல ஒப்பந்தங்களில் தொடக்கத்தில் 30 அல்லது 60 நாள் அவகாசம் உண்டு. அதற்குள், பழுதுக்காக எதுவும் கோராத நிலையில், முழுத் தொகையும் திரும்பக் கிடைக்கும். அதன்பின் ஒப்பந்தத்தில் எஞ்சிய காலத்துக்கோ, வாகனம் ஓட எஞ்சிய தூரத்துக்கோ உரிய பங்குதான் கிடைக்கும், அதிலும் ரத்துக் கட்டணம் கழியலாம். தவணை பாக்கி இருந்தால் அந்தப் பணம் முதலில் தவணை நிறுவனத்துக்கே போகும் என்பதைப் பலர் எதிர்பார்ப்பதில்லை (விற்கும்போது இதை விளக்கியிருக்கலாம் என்பதே என் ஆதங்கம்).

— — —

எங்கள் வீட்டில் வாகனத்தை விற்ற பிறகும் தவணை ஓடிக்கொண்டிருந்தது. வாகனம் கைமாறியதாலேயே ஒப்பந்தம் முடிந்துவிடுவதில்லை. புதிய உரிமையாளருக்கு மாற்றித்தர வேண்டும் அல்லது ரத்து செய்ய வேண்டும். விற்பனைச் சான்றும், விற்ற அன்று ஓடோமீட்டர் காட்டிய அளவும் கேட்டார்கள். இரண்டையும் அனுப்பிய பின் பற்று நின்றது.