காரில் ‘எர்த்’: புவித்தொடுப்பா, உடல்முனையா?

நண்பர்களுக்கு வணக்கம்.

‘எர்த்’துக்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் பேச்சில், வீட்டு ஒயரிங்குக்கு எழுதும் ‘புவித்தொடுப்பு’ என்பதையே கார் ஒயரிங்குக்கும் எழுதலாம் என்று ஒரு கருத்து வந்தது. அதை என்னால் ஏற்க முடியவில்லை. வீட்டுக்கு அது சரி. குழி வெட்டி, கரியும் உப்பும் போட்டுக் குழாய் இறக்குகிறோம். கார் நிற்பதோ நாலு ரப்பர் டயரில். பேட்டரியின் ஒரு முனையை வண்டியின் இரும்பு உடம்பில் மாட்டிவிட்டு, அந்த உடம்பையே ஒரு கம்பியாகப் பயன்படுத்துகிறார்கள். மண்ணுக்கு அங்கே வேலையே இல்லை. ஜெர்மானியர்கள் இதை ‘மாசே’ என்கிறார்கள், அதிலும் மண் கிடையாது.

திருமங்கலத்தில் என் மாமா வைத்திருக்கும் மாரிஸ் மைனருக்குப் போன மாதம் ஸ்டீரியோ மாட்டினோம். 1950களின் பிரிட்டிஷ் வண்டி. அதில் பேட்டரியின் நேர்முனைதான் பாடியில் இருக்கும். இப்போது வரும் ஸ்டீரியோக்களுக்கோ பெட்டியின் தகடே எதிர்முனை. அதனால் பெட்டி எங்கும் படாமல் ரப்பர் வைத்து, சிவப்பைப் பாடிக்கும் கறுப்பை எதிர்முனைக்கும் கொடுத்தோம். பாட்டு வந்தது. அப்புறம் ஏரியலை மட்கார்டில் முடுக்கினோம். “ஏரியல் கம்பியைச் சுத்தியிருக்கிற மேல்வலை எர்த்துதானே மாமா, பாடியில பட்டா என்ன?” என்று கேட்டவன் நான்தான். அந்த வலை ஸ்டீரியோ பெட்டியோடு, அதாவது எதிர்முனையோடு சேர்ந்தது; பாடியோ நேர்முனை. பட்டதும் கறுப்புக் கம்பி புகைந்தது. ஃபியூஸ் போகவில்லை. அது சிவப்பில் இருந்தது. ஷார்ட்டான மின்சாரம் அந்த வழியாகவே போகவில்லை.

ஸ்டீரியோவின் எதிர்முனைக்கும் எர்த், வண்டியின் உடம்புக்கும் எர்த். ஒரே சொல் இரண்டு பொருளில் வந்ததால் கம்பி வெந்தது. நாம் ஆக்கும் சொல்லில் நேர், எதிர் என்ற குறிப்பே ஒட்டியிருக்கக் கூடாது என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

சேசிஸ் என்பதைச் சட்டகம் என்று வைத்து, ‘சட்டக இணைப்பு’ என்றும் ஒரு யோசனை வந்தது. மைனருக்கும் அம்பாசடருக்கும் தனிச் சட்டகம் கிடையாது, பாடியே சட்டகம். செல்லூரில் என் வண்டியைப் பார்க்கும் எலக்ட்ரீஷியன் அண்ணன் ‘பாடி எர்த்’ என்பார். அதில் எர்த்தை விட்டுவிட்டுப் பாடியை எடுத்துக்கொள்வோம்: உடல்முனை. நேர் உடல்முனை வண்டி, எதிர் உடல்முனை வண்டி என்று பிரித்துச் சொல்லவும் வருகிறது.

எழுதிப் பார்த்தேன்: “உடல்முனை எடுக்கும் இடத்தில் பெயின்டை உப்புத்தாளால் தேய்த்து, இரும்பு பளிச்சென்று தெரிந்த பிறகு வளையத்தை வைத்து முடுக்கவும். துருவில் 0.1 ஓம் தடை இருந்தாலும், 10 ஆம்பியர் ஓடும்போது 1 வோல்ட் அங்கேயே போய்விடும்.” எங்கும் இடறவில்லை.

ஒன்றுதான் உறுத்துகிறது. பைக்கில் மின்சாரம் திரும்புவது ஃபிரேம் வழியாக. அதையும் உடல் என்று சொன்னால் மெக்கானிக்குகளுக்குப் புரியுமா? பைக் வேலை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.