மிராசுதார் பிளேன் எறக்குன புல்தரை, பாத்தவங்க சொல்லுங்க

மேட்டாங்காட்டான்:
பட்டுக்கோட்டை பக்கம், ஊர் பேரு வேணாம், தெரிஞ்சவங்களுக்குத் தெரியும். தாத்தா "பிளேன் திடல்"னு சொல்வாரு, நாங்க நம்புனதே இல்ல. சுத்தி தென்னந்தோப்பு, ஓரமெல்லாம் சீமைக்கருவ, ஆடுகூட உள்ள நொழையாது. 2018 நவம்பர் 16 கஜா அடிச்சுட்டுப் போன காலைல மொட்டமாடி ஏறிப் பாக்குறேன், ஒரு தென்ன நிக்கல, எல்லாம் ஒரே பக்கமா படுத்துக் கெடக்கு, அதுக்கு நடுவுல ஸ்கேல் வச்சு கோடு கிழிச்சாப்ல நீட்டா ஒரு வெறுந்தர. ரெண்டு ஓரத்துலயும் சுண்ணாம்பு அடிச்ச செங்கல் வரிசை, அங்கங்க வெள்ளையா தெரியுது. பக்கத்துல அப்பா மரம் போச்சேன்னு தலைல கைவச்சு உக்காந்துட்டாரு, நான் என்னடான்னா "தாத்தா சொன்னது நெசந்தான்ப்பா"ங்குறேன். அவரு திரும்பி ஒரு பார்வ பாத்தாரு. ஏன்டா அப்ப சொன்னோம்னு இன்னிக்கும் இருக்கு.

பெரியகோயில்வாசி:
அது ரெண்டாம் உலகப்போருக்கு வெள்ளக்காரன் போட்டதுங்க. மிராசுதார் கதையெல்லாம் சும்மா.

வடவாறு:
மேல உள்ளவருக்கு, யுத்தத்துக்குப் போட்டது தஞ்சாவூர் ஏர்ஃபோர்ஸ் ஸ்டேஷன், 2020 ஜனவரில சுகோய் போர் விமானம் வந்து நின்னுச்சே அது. ரெண்டையும் போட்டுக் கொழப்பாதீங்க. இது புல்தர, எங்க பெரியப்பா கணக்குல 18 மா, ஏக்கர்ல ஆறு, ஒரு வேலி, அதாவது 20 மாகூட முழுசா இல்ல. யுத்தத்துக்கு அது எந்த மூலைக்கு? பெரியப்பாதான் அங்க புல் அறுத்தவரு. அருகம்புல்ல ஒட்ட அறுத்துகிட்டே இருக்கணும், எலி வளைய அடைக்கணும், ஐப்பசி மழைக்கு முன்னாடி வாய்க்கா வெட்டித் தண்ணிய வடிக்கணும், ஒரு போகம் விட்டா கோர ஏறிடும். 1970ல நில உச்சவரம்ப 15 ஸ்டாண்டர்டு ஏக்கராக் கொறச்சப்ப நெலமெல்லாம் பல பேருல பிரிஞ்சுச்சு, புல் அறுக்க கூலி யாரு குடுப்பாங்கன்னே தெரியாமப் போச்சாம். கடைசி மாசக் கூலி வரவே இல்லன்னு சாகுற வரைக்கும் சொல்லிட்டு இருந்தாரு.

நடவுக்காலம்:
நான் டிவிஎஸ் 50 ஓட்டப் பழகுனது அங்கதான், நண்டு வளைல முன் சக்கரம் எறங்கி மணிக்கட்டு போச்சு. அத விடுங்க. இப்ப அங்க மனைக்கல் நட்டு கொடி கட்டியிருக்காங்க, வாங்குற ஐடியால யாராச்சும் இருந்தா கேட்டுக்குங்க. 30 வருச வில்லங்கம் போடுங்க. அது பத்தாது, தாலுகா ஆபீஸ்ல அ-பதிவேடும் (சர்வே நம்பர்வாரி நெலக் கணக்கு) எஃப்எம்பியும் (நெல அளவு வரைபடம்) வாங்கிப் பாருங்க, இந்த மாதிரி நீட்டு நெலத்துல நடுவுல வாய்க்கா புறம்போக்கு ஓடும். 2016 அக்டோபர் 20க்கு அப்பறம் பிரிச்ச மனைக்கு டிடிசிபி, அதான் நகர் ஊரமைப்புத் துறை, அங்கீகாரம் இல்லன்னா பத்திரம் ஆகாது. வேளாண் மண்டலச் சட்டம் இருக்கே, மனை போட முடியாதேன்னு நெனைக்காதீங்க, 2020ல வந்த அந்தச் சட்டத்தோட தட லிஸ்ட்ல எண்ணெய், எரிவாயு, தோல் தொழிற்சாலை மாதிரிதான் இருக்கு, வீட்டுமனை இல்ல. மேடுன்னு சொல்லி விப்பாங்க, ஐப்பசி கார்த்திகைல போயி நின்னு பாத்துட்டு அட்வான்ஸ் குடுங்க.

மேட்டாங்காட்டான்:
அண்ணே நான் மனை கேக்கவே இல்லண்ணே.

வடவாறு:
கல் நட்டாச்சா? எப்ப?

நடவுக்காலம்:
தைலயே. பொக்லைன் விட்டு செங்கல்லாம் பேத்து மூலைல குமிச்சிருக்கான்.

தெக்கித்தோப்பு:
பிளேன் எறக்க காத்து தெச பாக்குற காத்துப்பை மாட்டுன இரும்பு வளையம் எங்க வீட்டுலதான் கெடக்கு. ஆத்தா அதுல வல கட்டி கோழிக்குஞ்சு கவுக்குறாங்க.

வடவாறு:
ஒரு போட்டோ போடுங்க தம்பி.

தெக்கித்தோப்பு:
குஞ்சு உள்ள இருக்கு, சாயங்காலம் தொறந்து விட்டதும் எடுக்குறேன்.