புதுப்பிப்பு: முன்பின் தெரியாத மில்லுக்குப் போன் போட்டது என்ன ஆச்சு

மூன்று வருடம் முன்னால் இங்கே கேட்டிருந்தேன்: திருப்பூரில் நாலு நிட்டிங் மெஷின் ஓட்டுகிறேன், யாரையும் தெரியாமல் ஒரு நூல் மில்லில் எப்படிப் பேச்சைத் தொடங்குவது? பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

பலித்தது, "விலை கேக்காதீங்க, நூலைப் பத்திக் கேளுங்க" என்று இங்கே ஒருவர் சொன்ன யோசனைதான். அவர் சொன்ன உதாரணமும் மனதில் நின்றது: 1951 ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, பின்னாளில் பெரிய முதலீட்டாளரான வாரன் பஃபெட், 20 வயதில், வாஷிங்டனில் கெய்கோ என்ற காப்பீட்டு நிறுவன அலுவலகத்தின் பூட்டிய கதவைத் தட்டினார். உள்ளே இருந்த நிறுவன அதிகாரி லோரிமர் டேவிட்சன் நாலு மணி நேரம் பேசினார். அந்த நட்பு பல பத்தாண்டுகள் நீடித்தது.

நானும் அப்படியே ராஜபாளையத்தில் ஒரு மில்லுக்குப் போன் போட்டேன். எடுத்தது முதலாளியே.

"சாயம் போட்டு வந்த துணியில பட்டை பட்டையாக் கோடு விழுதுங்க, எதனால?"

"மெஷின்ல ஏத்தியிருக்க கோனுக்கு உள்ள பாருங்க தம்பி. லாட் நம்பர் எல்லாம் ஒண்ணா?"

போனைக் காதில் இடுக்கிக்கொண்டே ஒவ்வொரு நூல் கோனாகத் திருப்பிப் பார்த்தேன். இரண்டு லாட் கலந்திருந்தது, அதாவது வெவ்வேறு தடவை நூற்ற நூல்; சாயம் ஒரே மாதிரி ஏறாது. இதே கோளாறு இருப்பவர்கள் முதலில் அதைப் பாருங்கள்.

எதிர்பாராதது: மில் நேரடியாக எனக்கு நூல் தரவில்லை, என் அளவு ரொம்பச் சின்னது. தன் திருப்பூர் ஏஜென்டிடம் அவரே சொல்லி, ஒரே லாட்டில் ஐந்து மூட்டை வாங்கிக் கொடுத்தார். இன்றும் புது மிக்ஸிங் (பஞ்சுக் கலவை) போட்டால் சோதனைக்கு முதல் கோன்கள் என் மெஷினுக்குத்தான் வருகின்றன. சீசனில் சப்பட்டை மாம்பழமும் ஒரு கூடை வரும். அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுகிறேன்.